வலது விலாவுக்கு அடியில் ஒரு மூட்டை

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த காலத்தில் என் உடம்பில் எனக்குத் தெரிந்த பாகங்கள் மூன்றுதான். தலை, தோள், வயிறு. தலை சுமை ஏற்ற, தோள் சுமை மாற்ற, வயிறு இந்த இரண்டையும் காலையில் எழுப்பி வேலைக்கு அனுப்ப. உள்ளே வேறு என்னென்ன சாமான் கிடக்கிறது என்று நான் கேட்டதில்லை. அதுவும் சொன்னதில்லை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள், வலது விலா எலும்புக்கு அடியில் யாரோ ஒரு மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். வலி என்று சொல்ல முடியாது. குத்தவில்லை, எரியவில்லை, அமுக்கியது. காயலைக் கடக்கிற கூட்டமான போட்டில் பக்கத்தில் நிற்கிற ஆள் முழங்கையை நம் விலாவில் வைத்துவிட்டு எடுக்க மறந்துபோவானே, அந்த மாதிரி. போட்டில் என்றால் முறைத்துப் பார்க்கலாம். இங்கே ஆள் உள்ளே நிற்கிறான், எந்தப் பக்கம் திரும்பி முறைப்பது?

முதல் தடவை வந்தது சுக்குக் கிடங்கு முதலாளி வீட்டுக் கல்யாணத்துக்கு எங்களுக்கெல்லாம் பிரியாணி போட்ட அன்றைக்கு. சாப்பிட்டுவிட்டு, கிடங்குக்கு எதிரே இருந்த சாயாக்கடையில் எங்கள் கூட்டம் உட்கார்ந்திருந்தது. எங்கள் கூட்டத்தின் தலைவரை மூப்பன் என்று கூப்பிடுவோம். அவர் என்னைப் பார்த்து, "எடா, ஒண்ணு நடந்து காட்டுடா" என்றார்.

நடப்பது என்றால் எல்லோரும் நடக்கிற நடை இல்லை. குடிகாரன் நடை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அது. வேட்டி நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு போய் விளக்குக் கம்பத்தின்மேல் மோதி, கம்பத்திடம் மன்னிப்புக் கேட்டு, கம்பம் பதில் சொல்லவில்லை என்று அதோடு சண்டை போட்டு, கடைசியில் அதைக் கட்டிப்பிடித்து அழுவேன். பார்க்கிறவர்கள் சாயாவைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்கள். இத்தனைக்கும் சாராயம் நான் ஒரே ஒரு தடவைதான் வாயில் வைத்தேன். அது போன வழியிலேயே அவசரமாகத் திரும்பி வந்துவிட்டது. அதற்கப்புறம் தொட்டதில்லை. குடிக்கிறவனுக்கு அந்த நடையைப் பார்த்து வைத்துக்கொள்ள நிதானம் இருக்காது, அதனால்தான் அது எனக்கு அவ்வளவு நன்றாக வந்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்குக் கம்பத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது அந்த அமுக்கம் வந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்து உட்கார்ந்துவிட்டேன். எல்லோரும் கைதட்டினார்கள். மூப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இது புதுசாணல்லோ" என்று பாராட்டினார். நான் நிஜமாகவே மூச்சுவிடத் திணறினேன். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள். கோமாளிக்கு நோவு வந்தால் இதுதான் கதி.

வீட்டில் கைதட்ட ஆள் இல்லை. என் மனைவி பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்க்காரி, தமிழ்க் குடும்பம். பெண் பார்க்கப் போனபோது பலகாரத்தட்டைக் கீழே வைத்துவிட்டு, வந்தவர்களுக்கு முன்னாலேயே என்னிடம் கேட்டாள்: "குடிப்பீங்களா?" இல்லை என்றேன். "குடிச்சா அன்னிக்கே கெளம்பி வந்துருவேன். இப்பவே சொல்லிட்டேன்" என்றாள். என்னோடு வந்த பெரியவர்கள் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி என்றார்கள். எனக்கு அந்த வாய்தான் பிடித்திருந்தது.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் அவளுடைய அப்பா. சாராயத்தில் ஈரல் கெட்டுப் போய்ச் சேர்ந்த மனிதர். அவள் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறாள். அதனால் நான் அன்று மாலை வீட்டுக்கு வந்து, வலது விலாவைத் தடவிக்கொண்டு, "இங்க என்னவோ அமுக்குதுடி" என்று சொன்னதும், அவள் கையிலிருந்த முறத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"எங்க?"

"இங்க."

"அப்பாவுக்கும் மொதல்ல அங்கதான் அமுத்துச்சு" என்றாள். அப்புறம், "ஊதுங்க" என்றாள்.

ஊதினேன். அங்கேதான் என் தொழில் என்னைக் காட்டிக்கொடுத்தது. அந்த வாரம் முழுக்க நான் சுமந்தது கிராம்பு. சட்டை, தலைத்துண்டு, மீசை எல்லாம் கிராம்பு வாசனை. குடிகாரன் கடையை விட்டு இறங்கியதும் முதலில் வாயில் போடுகிற சரக்கு என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய அப்பா வேட்டி மடிப்பில் கிராம்பை முடிந்து வைத்திருப்பாராம்.

"மூட்டை வாசனைடி அது. நம்பு."

"மூட்டை வாயிலயா இருக்கு?"

உண்மையைச் சொன்னால், மூட்டையில் ஓட்டை இருந்தால் ஒன்றிரண்டு கிராம்பை நாங்கள் வாயில் போட்டுக்கொள்வதுதான். அதைச் சொன்னேன். சொன்னதும், நான் திருடன் என்பதும் கூடச் சேர்ந்துகொண்டது.

சந்தேகப்பட்டாளே தவிர, கைவிடவில்லை. மறுநாளே கீழாநெல்லியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். மழைக்காலம், நாங்கள் இருந்த வரிசை வீடுகளின் பின்பக்கம் முழுக்க அது முளைத்துக் கிடந்தது. அதை அம்மியில் அரைத்து, ஒரு முறி தேங்காயைத் துருவிக் கெட்டியாகப் பால் பிழிந்து, இரண்டையும் கலந்து ஒரு டம்ளர். ஈரலுக்குக் குளிர்ச்சி. அவளுடைய அம்மா அப்பாவுக்குக் கொடுத்த மருந்து. வேலை முடிந்து வந்து குளித்ததும் டம்ளரோடு எதிரில் நிற்பாள். கசப்பும் கொழுப்புமாக அது தொண்டையில் இறங்கும்போது என் மகள் என் முகத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரிப்பாள். எனக்கு நான்கு வயது ரசிகை.

மருந்து குடித்து, கஞ்சி குடித்து, ஒரு மணி நேரம் போவதற்குள் மூட்டை வந்து உட்கார்ந்துவிடும். வலது தோள்பட்டைக்குப் பின்னால் ஒரு கையும் வைக்கும். நான் சுவரில் சாய்ந்து நெளிவேன். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்பாள்: "வேலை விட்டு நேரா வீட்டுக்குத்தான் வந்தீங்களா?"

"வேற எங்க போவேன்?"

"அப்பாவும் இப்படித்தான் கேப்பாரு."

எனக்குப் பயத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது. நான் குடிக்கவில்லை என்பது உலகத்திலேயே எனக்கு ஒருவனுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். குடிக்காதவனுக்குக் குடிகாரன் நோவு எப்படி வரும்? நடித்துக்காட்டியே வரவழைத்துக்கொண்டேனா? விளக்குக் கம்பத்தின் சாபமா? வேலை செய்யும்போதெல்லாம் அதே யோசனை. வாழ்க்கையில் முதல்முதலாக நான் ஒரு விஷயத்தை உட்கார்ந்து யோசித்தேன். பழக்கமில்லாத வேலை, அதனால் நின்றுகொண்டும் யோசித்தேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். என்னோடு ஜோடியாக மூட்டை பிடிக்கிறவரை இக்கா என்று அண்ணன் முறையில் கூப்பிடுவோம், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவர், "எடா மோனே, அது வயித்துக் கேஸு தன்னெ. இஞ்சி சதச்சு நீரெடுத்துக் குடி" என்றார். இஞ்சிச் சாறு குடித்தேன். வாய் வெந்தது, மூட்டை அசையவில்லை. மூப்பன், "உளுக்காக்கும்" என்று சொல்லி, தோப்பும்படியில் எண்ணெய் தேய்த்து உருவிவிடுகிற ஒருவரிடம் அனுப்பினார். அந்த ஆள் என் விலாவைக் கோதுமை மாவு மாதிரி பிசைந்தார். இரண்டு நாள் உடம்பு முழுக்க வலித்ததில் விலாவின் அமுக்கம் தனியாகத் தெரியவில்லை. அதையே குணம் என்று நினைத்து அவருக்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வந்தேன்.

அப்புறம் நானே சோதித்துப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு வாரம் இடது தோளில் மட்டும் சுமந்தேன். அமுக்கியது. வேட்டியைத் தளர்த்திக் கட்டிப் பார்த்தேன். அமுக்கியதோடு, மிளகு மூட்டையோடு பலகையில் ஏறும்போது வேட்டி கழன்று, பஜார் ரோடு முழுக்கச் சிரித்தது. பீடியை விட்டேன். குப்புறப் படுத்தேன். காலைச் சாயாவோடு தின்கிற பழம்பொரியை, அந்த வாழைப்பழ பஜ்ஜியை, நிறுத்தினேன். இதில் கொஞ்சம் குறைந்தது மாதிரி இருந்தது. பகலில் வந்துகொண்டிருந்தது வரவில்லை. ஆனால் அந்தியானதும் தவறாமல் வந்தது. பகலில் என்னைக் காணாமல் தேடி வீட்டைக் கண்டுபிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். இதைப் பற்றி இக்காவிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அவர், "நீ இதை ஆராய்ச்சி செய்யுறதப் பாத்தா டாக்டர்மாருக்கு வேலை போயிடும்" என்றார்.

அந்தச் சமயத்தில் சித்தூரில் அவளுடைய அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து. மகளைக் கூட்டிக்கொண்டு ஒரு வாரம் போனாள். கீழாநெல்லியை எப்படி அரைப்பது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுத்தான் போனாள். நான் அம்மியைத் தொடவே இல்லை. சமைக்கவும் தெரியாது. காலையும் ராத்திரியும் ரொட்டியும் பால் விடாத கட்டன் சாயாவும், மத்தியானம் சோறும் ஊறுகாயும். அந்த ஒரு வாரம் மூட்டை வரவே இல்லை. முதல் நாள் நம்பவில்லை. இரண்டாம் நாள் விலாவைத் தட்டி, "இருக்கியா?" என்று கேட்டுப் பார்த்தேன். இல்லை.

சாயாக்கடையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று அறிவித்தேன்: "நோவுக்குக் காரணம் கண்டுபிடிச்சாச்சு. ஈரலும் இல்ல, கேஸும் இல்ல. எம் பொண்டாட்டி! அவ ஊருக்குப் போனா இது போகுது, அவ இருந்தா இது இருக்கு."

கடையே சிரித்தது. மூப்பன், "அப்போ எனக்கு இருபத்தஞ்சு வர்ஷமாயிட்டு அதே சீக்காணு" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவள் திரும்பி வந்த அன்று மாலை டம்ளர் வந்தது, கஞ்சி வந்தது, மூட்டையும் வந்தது. மறுநாளும் இக்காவிடம், "பாத்தீங்களா? நேத்து எறங்கினா, நேத்தே வந்துருச்சு" என்றேன்.

எங்கள் வரிசையில் மூன்றாவது வீட்டுக்காரரும் அந்தக் கடையில்தான் சாயா குடிப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய மனைவியும் என் மனைவியும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடிப்பார்கள் என்பதும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை.

அன்று மாலை நான் வந்தபோது டம்ளர் இருந்தது, அவள் எதிரில் நிற்கவில்லை. டம்ளர் தரையில் இருந்தது.

"நான்தான் உங்களுக்கு நோவாமே" என்றாள்.

"ஐயோ, அது வெளையாட்டுக்குச் சொன்னது."

"குடிக்கிறவனுக்கும் பொண்டாட்டிதான் நோவு. எங்கப்பாவும் ஊர்ல அதத்தான் சொல்லிட்டுத் திரிஞ்சாரு. நான் இல்லாதப்ப நல்லாயிருந்துச்சுன்னா என்ன அர்த்தம்? நான் இருந்தா ஒளிஞ்சு குடிக்கணும், அவசரமாக் குடிக்கணும். இல்லாட்டி நிதானமாக் குடிக்கலாம். அதான?"

அவள் சொன்ன கணக்கு என் கணக்கைவிட நன்றாகப் பொருந்தியது. நான் வாயைத் திறந்தேன். கிராம்பு வாசனைதான் வந்தது.

சித்தூருக்குப் போகிற ஆளிடம் அவள் சொல்லி அனுப்பினாள். அண்ணன் வந்து சேர்ந்தார். மாவு மில் வைத்திருக்கிறவர், பெரிய உருவம், புருவத்தில்கூட மாவு ஒட்டியிருக்கும். வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்: "மாப்ள, சுத்தி வளைக்கல. ஒரு டாக்டர்கிட்ட காட்டுவோம். ஈரல் கெட்டிருக்குன்னு அவர் சொன்னா, தங்கச்சியையும் கொளந்தையையும் நான் கூட்டிட்டுப் போறேன். இல்லேன்னு சொன்னா உங்க கால்ல விழறேன்."

"கால்ல எல்லாம் வேண்டாம் மச்சான். என் காலு பாவம்" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

நாலு பேரும் போட்டில் ஏறி எறணாகுளத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு டாக்டரம்மா பார்த்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார். படுக்கவைத்து வலது விலாவுக்கு அடியில் விரலை அழுத்தி, "மூச்சு நல்லா எடுக்கு" என்றார். எடுத்தேன். பாதி மூச்சில் நிறுத்திவிட்டேன். அவருடைய விரலில் வந்து எதுவோ முட்டின மாதிரி இருந்தது.

"குடிக்குமோ?"

"இல்ல டாக்டரே."

"இங்க வர்றவங்க எல்லாரும் அதுதான் பறயும்" என்றார். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

ரத்தம் எடுத்தார்கள். அதில் ஈரலின் நிலைமை தெரியுமாம், முடிவு வர நாலைந்து நாள் ஆகும். அதற்குள் ஒரு படம் எடுக்க வேண்டும். ஈரலுக்கு அடியில் பித்தப்பை என்று ஒரு சின்னப் பை இருக்கிறதாம். நாளைக்கு ராத்திரி மாத்திரை சாப்பிட்டால் மருந்து போய் அந்தப் பையில் நிறையும், மறுநாள் எக்ஸ்ரேயில் பை தெரியும். டாக்டரம்மா என் மனைவியைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னார்: "ராத்திரி ஆகாரத்தில எண்ணெய் பாடில்ல. நெய், முட்ட, மீனு, எறச்சி, ஒண்ணும் பாடில்ல. மனசிலாயோ?"

"ஒரு சொட்டு எண்ணெய் இருக்காது டாக்டரே" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். மறுநாள் மாலை தாளிக்கிற கரண்டியைக்கூட எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டாள். வெறும் கஞ்சி, உப்பு, சுட்ட மிளகாய். அதற்கு முன்னால் வழக்கம்போல டம்ளர். மருந்துக்கு ஏது பத்தியம்? டாக்டர் நிறுத்தச் சொல்லவில்லையே. குடித்தேன், கஞ்சி குடித்தேன், இடைவெளி விட்டு மாத்திரைகளை ஒவ்வொன்றாக விழுங்கினேன்.

காலையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள். இப்படித் திரும்பு, அப்படித் திரும்பு என்று இன்னொரு தடவை எடுத்தார்கள். படத்தை டாக்டரம்மா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். எனக்கு ஆவல் தாங்கவில்லை. என் உள்பக்கத்தை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நம் மூஞ்சியைப் போலில்லை, உள்ளே கொஞ்சம் லட்சணமாகவே இருந்தேன்.

"பையைக் காணோம்" என்றார்.

"காணோமா?" என்றார் மச்சான்.

"படத்தில விழல. ஒண்ணு, பை ரொம்பக் கெட்டிருக்கணும். அல்லெங்கில் நீங்க என்னமோ தின்னிருக்கணும். ராத்திரி என்ன சாப்பிட்டது?"

என் மனைவி முன்னால் வந்தாள். "கஞ்சி டாக்டரே. ஒரு சொட்டு எண்ணெய் தொடல."

"வேற?"

"சுட்ட மொளகா."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல. மருந்து மட்டும்தான்."

"என்ன மருந்து?"

"கீழாநெல்லி. ஈரலுக்கு. தெனம் குடுக்கறேன்."

"வெள்ளத்திலயோ?"

"தண்ணில குடுத்தா என்ன பலன்? தேங்காப்பால்ல. ஒரு முறி தேங்கா, முதல் பால் மட்டும்" என்றாள், கொஞ்சம் பெருமையோடு.

டாக்டரம்மா படத்தை மேஜைமேல் வைத்தார். "ஒரு முறி தேங்கா. எண்ணெயில்லாமலோ?"

"அது பாலு டாக்டரே" என்றாள் அவள். அந்தம்மாவுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல எங்களைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். மச்சானும் ஆட்டினார். அவர் மில்லுக்குப் பக்கத்து வீட்டிலேயே ஒரு செக்கு ஓடியது. "எண்ணெய்ன்னா செக்குல ஆட்டணும். கொப்பரை காயணும். இது பச்சத் தேங்கா" என்று விளக்கினார்.

பச்சைத் தேங்காயில் எண்ணெய் இருக்கும் என்று எங்கள் மூன்று தலைக்குள்ளும் அதுவரைக்கும் நுழைந்ததே இல்லை. தினமும் தேங்காய் தின்கிற தலைகள். தேங்காய் தனி, பால் தனி, எண்ணெய் தனி. மூன்றும் வெவ்வேறு பாத்திரத்தில் அல்லவா இருக்கிறது!

டாக்டரம்மா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. ஒரு தாளில் சின்னதாகச் சுரைக்காய் மாதிரி ஒன்று வரைந்து காட்டினார். கொழுப்பான ஆகாரம் உள்ளே போனால் இந்தப் பை சுருங்கி, பித்தத்தைப் பிழிந்து விடும். நேற்று தேங்காய்ப்பால் ராத்திரி முழுக்கப் பிழிய வைத்துவிட்டது, மாத்திரை மருந்து தங்கவில்லை, படம் எடுக்கும்போது பையில் ஒன்றும் இல்லை. "பைக்கு உள்ளே கல்லு உண்டெங்கில் பிழியும்போது அமுக்கும். இங்க. பின்னாடி தோள்லயும்."

எனக்கு மளமளவென்று எல்லாம் வரிசையாக வந்து நின்றது. பிரியாணி. பழம்பொரி. அந்தியில் டம்ளர். ரொட்டியும் கட்டன் சாயாவும். பொண்டாட்டி இருந்தால் வரும், போனால் போகும் என்று நான் சொன்ன ஆராய்ச்சி! கிட்டத்தட்ட நூலிழையில் தவறவிட்டிருக்கிறேன். "அப்படின்னா…" என்று ஆரம்பித்து அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. என் வாயில் அருமையான ஒரு வேடிக்கை தயாராக இருந்தது. விழுங்கிவிட்டேன். அவ்வளவு கசப்பான கீழாநெல்லியைக்கூட அவ்வளவு கஷ்டப்பட்டு விழுங்கியதில்லை.

மூன்று நாள் கழித்து, முந்தின ராத்திரி ரொட்டியும் கட்டன் சாயாவும் மட்டும் சாப்பிட்டு, மாத்திரையும் விழுங்கிவிட்டு மறுபடி வரச் சொன்னார். ரத்தப் பரிசோதனை முடிவும் அன்றைக்கு வந்துவிடும். நாங்கள் வெளியே வந்த பிறகும் அவள் வாசற்படியிலேயே நின்றாள்.

"டாக்டரே, எங்கப்பாவுக்கும் இதேதான் குடுத்தோம். நான்தான் அரைச்சுக் குடுப்பேன்."

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். "அச்சனுக்கு என்ன அசுகம்?"

"ஈரல்."

"குடிக்குமாயிருந்தோ?"

"தெனமும்."

"அப்போ குடிதான் கொண்டுபோனது, குட்டி. உன்ற தேங்கா இல்ல."

திரும்பும்போது போட்டில் அவள் ஓரமாக உட்கார்ந்து முந்தானையை மகளுக்குப் போர்த்தினாள். மகள் மடியில் தூங்கினாள். மச்சான்தான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அமுக்கறது தேங்கான்னே வச்சுக்குவோம். உள்ள கல்லு எப்படி வந்துச்சு? கள்ளச் சாராயத்துல கண்ட சரக்கையும் போடறான். அது உள்ள போயிக் கெட்டியாகாதா?"

அவள் என்னைப் பார்த்தாள்.

மறுபடி படம் எடுக்கப் போகும்போது மச்சான் அவளுடைய தகரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். டாக்டர் வாயிலிருந்து ஈரல் என்று வந்தால் அங்கிருந்தே ஸ்டேஷன், மத்தியான வண்டி. பெட்டியை யார் கட்டினது என்று நான் கேட்கவில்லை. வழியெல்லாம் நான் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தேன். மகள்தான், "அப்பா, நடந்து காட்டு" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அவளும் எங்கேயோ பார்த்திருக்கிறாள்.

இந்தத் தடவை படத்தில் பை விழுந்தது. டாக்டரம்மா எங்களையும் பார்க்கவிட்டார். டாக்டரம்மா வரைந்த அதே சின்னச் சுரைக்காய், உள்ளே ஒரு கை கறுப்பு மணிகள். நான் வாழ்நாள் முழுக்கச் சுமந்த சரக்கு, எனக்குத் தெரியாதா? "நல்ல மொளகு டாக்டரே. தலைச்சேரித் தரம்" என்றேன். அப்புறம் இரண்டு முட்டையை நெய்யில் பொரித்துச் சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னார்கள். சாப்பிட்டு வந்து காத்திருந்தேன். மூட்டை வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு ஒரு நாள்தான். "வந்துருச்சு! டாக்டரே, வந்துருச்சு!" என்று கத்தினேன். பிரசவ வார்டுக்குப் போகிற பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்தாள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனைத் தாளைப் புரட்டினார்.

"கல்லுதான். ஆப்பரேஷன் செஞ்சு பையை எடுக்கணும். லிவருக்கு ஒரு கொழப்பமும் இல்ல."

"இந்தக் கல்லு குடிச்சா வர்றதா டாக்டரே?" என்றாள் என் மனைவி. அவள் குரல் பெண் பார்த்த அன்றைக்குக் கேட்ட அதே குரல். சுற்றி யார் நிற்கிறார்கள் என்ற கவலை இல்லாத குரல்.

"குடிக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. ஒரு துள்ளி தொடாத பெண்ணுங்களுக்குத்தான் இது அதிகம் வரும். இவர் குடிக்கிற ஆளுமல்ல, குடிக்கிற லிவருமல்ல."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன், முட்டை ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று பார்க்கிற மாதிரி.

வெளியே வராந்தாவில் என் மகள் பெட்டியின்மேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மச்சான் அவளை இறக்கிவிட்டு, பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலையும் பார்க்கவில்லை, அதுதான் முக்கியம்.

"அப்ப நான் மத்தியான வண்டிக்குக் கெளம்பறேன். மில்லு பூட்டிக் கெடக்கு. பெட்டிய வீட்ல வச்சிட்டு அப்படியே…"

"அண்ணா" என்றாள் என் மனைவி. "ஆப்பரேஷனுக்கு ரெண்டு குப்பி ரத்தம் சொந்தக்காரங்க குடுக்கணுமாம். நர்சு சொன்னாங்க."

"ரத்தமா?"

"என்னுது ஒத்துக்குமோ என்னமோ. எனக்கு ஒடம்புலயே இல்ல, பாத்தாலே தெரியுது. உங்களுக்குத்தான் நல்லா இருக்கு."

"எனக்கு ஊசின்னாவே…"

"இத்தன நாளா எத்தன பேச்சு பேசினீங்க. அதுல போன ரத்தத்துல பாதி வராது இது."

மச்சான் முகத்தில் மாவே தேவைப்படாத அளவுக்கு வெளுப்பு வந்தது. பெட்டியைக் கீழே வைத்தார். அவள் அதைத் தன் காலடிக்கு இழுத்து, அவர் அதைச் சாக்காகத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடாமல் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். மகளை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் நகர்ந்து, பெட்டியில் எனக்கும் இடம் விட்டாள்.